பித்தளை வில்லும் மரக்கோலும்: டைகோ பிராஹே, பதாணி சாமந்தா ஓர் ஒப்பாய்வு

புவனேஸ்வரத்தின் ஆச்சார்ய விகார் பகுதியில் ஒரு கோளரங்கம் இருக்கிறது. ஒடிசா அரசின் அறிவியல் துறை நடத்துகிறது. 1990 முதல் இயங்கும் அந்த இடத்துக்குப் பதாணி சாமந்தா என்று பெயர். ஒரு பிற்பகல் காட்சிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சாய்விருக்கையில் தலை சாய்த்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலில் கூவினார்கள். காட்சி முடிந்து வெயிலுக்கு வந்தபோது வாசலில் இருந்த பெயர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தொலைநோக்கியின் துணையே இல்லாமல் வானத்தை அளந்து முடித்த மனிதர் அவர்.

கோப்பன்ஹேகன் நகரத்தில் ஓர் ஏரியின் தென்கரையில் இன்னொரு கோளரங்கம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் க்னுட் முங்க் வடிவமைத்தது. உச்சியைச் சரிவாக வெட்டிய உருளை போன்ற கட்டடம், 38 மீட்டர் உயரம். 1989 நவம்பர் 1 அன்று டைகோ பிராஹே பெயரில் அது திறக்கப்பட்டது. அவரும் வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர்.

இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. 1899-இல் சாமந்தாவின் நூல் அச்சானபோது, லண்டனிலிருந்து வெளிவந்த அறிவியல் இதழ்கள் அவரை டைகோவோடு ஒப்பிட்டு எழுதின. அன்று முதல் ‘இந்தியாவின் டைகோ’ என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஒப்பீடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. விலகும் இடத்தில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டு பிள்ளைப் பருவங்கள்

டைகோ 1546-இல் ஸ்கானியாவில் பிறந்தார். இன்று ஸ்வீடனில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது டென்மார்க்கைச் சேர்ந்தது. நாட்டையே கையில் வைத்திருந்த பிரபு குடும்பங்களில் ஒன்று அவருடையது. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, பிள்ளையில்லாத பெரியப்பா பெற்றோரிடம் சொல்லாமலே தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்.

சாமந்தா 1835-இல் கண்டபடா என்ற சிறு சமஸ்தானத்தில் பிறந்தார். இன்றைய ஒடிசாவின் நயாகட் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. முழுப்பெயர் சந்திரசேகர சிங்க சாமந்தா. அரச குடும்பத்துக்கு உறவு, ஆனால் கையில் காசில்லாத வீடு. அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று பெற்றோர் சடங்காக ஒரு முஸ்லிம் பக்கீருக்கு அவரை விற்றுத் திரும்ப வாங்கினார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. பட்டாணியர் என்று நாம் சொல்லும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான் ‘பதாணி’ என்ற செல்லப்பெயர். கோளரங்கின் பெயர்ப்பலகையில் இன்று நிற்பது ஒரு தாயின் பயத்தில் பிறந்த பெயர்.

வானியலுக்கு இருவரையும் இழுத்து வந்த கதவு ஒன்றே. கணக்கு சொன்ன இடத்தில் கோள் இல்லை.

1563 ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானத்தில் நெருங்கி வந்தன. லைப்சிக் நகரில் சட்டம் படிக்க அனுப்பப்பட்டிருந்த டைகோவுக்கு அப்போது 16 வயது. உடன் வந்த ஆசிரியர் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாக வானம் பார்ப்பார். கவராயத்தின் முனையைக் கண்ணருகே வைத்து, இரு கால்களையும் இரு கோள்களுக்கு நேராக விரித்துக் கோணத்தை அளந்தார். பழைய அல்ஃபோன்சோ அட்டவணை அந்தச் சேர்க்கையை ஒரு மாதம் தவறாகச் சொல்லியிருந்தது. கோபர்னிக்கஸ் கணக்கை வைத்துச் செய்த புதிய அட்டவணையும் சில நாள் தவறியது.

சாமந்தாவுக்கு நட்சத்திரங்களை அடையாளம் காட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். வீட்டில் இருந்த ஓலைச்சுவடிகளிலிருந்து கணிதத்தையும் சோதிடத்தையும் தானே கற்றார். ஏறத்தாழ 15 வயதில் கோள்களின் இடத்தைக் கணிக்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. சித்தாந்தங்கள் எனப்படும் பழைய வானியல் நூல்கள் சொன்ன நேரத்தில் கோள் உதிக்கவில்லை, சொன்ன நட்சத்திரத்தின் அருகில் நிற்கவில்லை. நூலைக் குறை சொல்லத் துணியாத சூழலில் வளர்ந்த பையன், தன் கண்ணை நம்பினான். அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தான்.

கருவிகள்

இங்கிருந்துதான் இருவர் பாதைகளும் பிரிகின்றன.

1572 நவம்பரில் காசியோபியா விண்மீன் கூட்டத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் சுடர்விட்டது. அது சந்திரனுக்கு வெகு அப்பால் இருப்பதை டைகோ அளந்து காட்டினார். பெயர் பரவியது. 1576-இல் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் வேன் என்ற தீவையே அவருக்குக் கொடுத்தார். உரானிபோர்க் என்ற மாளிகையும், கருவிகள் காற்றில் அசையாதிருக்கத் தரைக்குக் கீழே அமைத்த இன்னொரு ஆய்வகமும் அங்கே எழுந்தன. அச்சகம், காகித ஆலை, உதவியாளர் கூட்டம் எல்லாம் தீவிலேயே இருந்தன. அவருடைய தங்கை சோஃபியும் கூட இருந்து கணித்தார். தீவின் குடியானவர்கள் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அங்கே சுவரில் பதித்த ஒரு பித்தளைக் கால்வட்டம் இருந்தது. அதன் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். அவ்வளவு பெரிய வில்லில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் அகலம். பாகையை அறுபதாகப் பங்கிட்ட கலை ஒன்று அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அதையும் பிரித்தறியக் குறுக்குச் சாய்கோடுகளில் புள்ளிகள் பொறித்திருந்தார். அவருடைய நல்ல அளவுகள் ஒரு கலை துல்லியத்தைத் தொட்டன. அவருக்கு முன் எவரும் அந்த நுட்பத்தை எட்டியதில்லை.

சாமந்தாவின் கையில் இருந்தது மானயந்திரம். 24 விரற்கடை நீளமுள்ள மெல்லிய மரக்கோல் ஒன்று. அதன் நுனியில் செங்குத்தாக இன்னொரு கோல். குறுக்குக் கோலில் பள்ளங்களும் துளைகளும் வெட்டியிருக்கும். கண்ணிலிருந்து எந்தக் கோணத்துக்கு எந்தப் பள்ளம் என்று முக்கோணக் கணிதத்தால் முன்னரே கணக்கிட்டு வெட்டியவை அவை. இதை வைத்து அவர் கோள்களை அளந்தார், மலைகளின் உயரத்தையும் அளந்தார்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு விரற்கடைக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 48 சென்டிமீட்டருக்கு ஒரு மூங்கில் தப்பையை நறுக்கினேன். குறுக்குத் தப்பையில் 10 பாகைக்கு எட்டரை சென்டிமீட்டரில் ஒரு பள்ளம், 20 பாகைக்குப் பதினேழரையில் ஒன்று, 30 பாகைக்கு 27.7-இல் ஒன்று. கோலைத் தரைக்குச் சமமாகக் கண்ணோரம் பிடித்து, கொல்லைத் தென்னையின் உச்சியைப் பார்த்தேன். மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றபோது உச்சி 30 பாகைப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. கணக்குப் போட்டால் பதினொன்றரை மீட்டர். கண் இருக்கும் உயரம் ஒன்றரை மீட்டரையும் சேர்த்தால் 13. நேரம் பிடித்தது கணக்குக்கு இல்லை, கை நடுங்காமல் நிற்பதற்குத்தான். அந்தக் கோலில் ஒரு பாகையே 8 மில்லிமீட்டர்தான் வருகிறது. கலையைப் பார்ப்பது என் கண்ணுக்கு எட்டாத காரியம்.

அப்படியானால் சாமந்தா துல்லியத்தை எங்கிருந்து பெற்றார்? காலத்திலிருந்து பெற்றார். ஓர் இரவின் அளவில் பிழை இருக்கலாம். ஆயிரம் இரவுகளின் அளவுகளை வைத்து ஒரு கோளின் சுற்றுக்காலத்தைக் கணித்தால், அந்தப் பிழை அத்தனை அளவுகளுக்கும் பங்கிடப்பட்டுத் தேய்ந்துபோகும். டைகோ பிழையைப் பெரிய வில்லால் குறைத்தார். சாமந்தா பொறுமையால் குறைத்தார்.

சந்திரனும் சனியும்

பலனைப் பார்ப்போம். சனி நட்சத்திரங்களுக்கிடையே ஒரு முறை சுற்றிவரச் சூரிய சித்தாந்தம் சொல்லும் காலம் 10,765.77 நாள். இன்றைய அளவு 10,759.22 நாள். ஆறரை நாள் பிழை. சாமந்தா தந்த காலம் 10,759.76 நாள். பிழை 13 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் எல்லாவற்றின் காலங்களையும் இதேபோல் திருத்தினார்.

சந்திரனின் பாதை சூரியப் பாதைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கிரகணக் கணக்குக்கு உயிர்நாடி. சூரிய சித்தாந்தத்தில் அது 4 பாகை 30 கலை. சாமந்தா அளந்து சொன்னது 5 பாகை 9 கலை. இன்றைய சராசரியும் அதுவேதான். டைகோ இதில் ஒரு படி மேலே போனார். அந்தச் சாய்வு நிலையானதல்ல, ஏறி இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தார்.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாது. அதன் ஓட்டத்தில் பல ஏற்றத்தாழ்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்று பட்சத்தின் திதிகளைப் பொறுத்து வருவது. அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி நாள்களில் தெரியாமல், இடைப்பட்ட நாள்களில் பெருகி நிற்கும். அதனால்தான் அமாவாசை, பௌர்ணமியை மட்டும் பார்த்தவர்கள் கண்ணில் அது படவில்லை. ஐரோப்பாவில் அதைக் கண்டவர் டைகோ. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, டைகோவின் கணக்கு எதுவும் கைக்கு எட்டாமல், ஒடியாவும் சமஸ்கிருதமும் மட்டுமே அறிந்த சாமந்தா அதையே கண்டார். ‘பாட்சிகம்’ என்று பெயர் வைத்தார். துங்காந்தரம், திகம்சம் என்று இன்னும் இரண்டு திருத்தங்களையும் தனியாகவே கண்டடைந்தார். திகம்சம் என்பது ஆண்டுக்கொரு முறை வரும் வேறுபாடு. அதையும் டைகோ தன் அளவுகளில் உணர்ந்திருந்தார்.

1874-இல் சூரியனின் முகத்தை வெள்ளி கடந்து போனதையும் சாமந்தா தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். வெள்ளியின் வட்டம் சூரிய வட்டத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்கிறார். சரியான அளவு.

இருவரும் நின்ற இடம்

ஒற்றுமை கண்டுபிடிப்புகளோடு முடியவில்லை. இருவரும் வரைந்த உலகப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றும், சூரியன் அவற்றையும் அழைத்துக்கொண்டு பூமியைச் சுற்றும், பூமி அசையாது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்னிக்கஸின் நூலைப் படித்தும் டைகோ இந்த முடிவுக்கு வந்ததற்கு நேர்மையான காரணம் இருந்தது. பூமி நகர்ந்தால் நட்சத்திரங்கள் ஆண்டு முழுவதும் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். அவருடைய பித்தளை வில்லில் அப்படி எதுவும் தெரியவில்லை. நட்சத்திரங்கள் அவர் நினைத்ததைவிட வெகு தொலைவில் இருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

சாமந்தாவைத் தடுத்தது மரபின் மேல் அவர் கொண்ட மரியாதை. கோள்களின் காலங்களைத் துணிந்து திருத்தியவர், சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு அளவான 365.25875648 நாளை அப்படியே வைத்துக்கொண்டார். அது உண்மையான நட்சத்திர ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கூடுதல். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைகோவின் காலத்தில் பூமி அசைகிறதா என்பது திறந்த கேள்வி. சாமந்தாவின் காலத்திலோ அந்தக் கேள்வி உலகத்தில் முடிந்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டபடாவுக்கு அந்த விடையின் சான்றுகள் போய்ச் சேரவில்லை. குற்றம் அவர் கண்ணில் இல்லை, அவரை உலகத்தோடு இணைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

கையேற்றவர்கள்

பெரிய வேற்றுமை இங்கேதான். டைகோ புது அரசரோடு மனம் கசந்து 1597-இல் தீவை விட்டு வெளியேறினார். ப்ராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் சேர்ந்தார். 1600-இல் யோஹான்னஸ் கெப்ளர் அவரிடம் வந்தார். மறு ஆண்டே டைகோ இறந்தார். அவர் விட்டுப்போன செவ்வாய்க் கணக்கோடு கெப்ளர் மல்லுக்கட்டினார். வட்டப் பாதையை வைத்துப் போட்ட கணக்கு 8 கலை மட்டும் ஒட்டவில்லை. டைகோவின் அளவில் 8 கலை பிழை இருக்க முடியாது என்ற நம்பிக்கையால் வட்டத்தையே கைவிட்டு நீள்வட்டத்துக்கு வந்தார். 1609-இல் அது நூலாயிற்று. அங்கிருந்து நியூட்டன் வரை வழி திறந்தது. உரானிபோர்க் மாளிகை இடிந்து மண்ணாகிப் போனாலும் அங்கே எடுத்த அளவுகள் வாழ்ந்தன.

சாமந்தா தன் ‘சித்தாந்த தர்ப்பணம்’ நூலை 1869-இல் முடித்தார். சமஸ்கிருதத்தில் ஏறத்தாழ 2,500 சுலோகங்கள், ஒடியா எழுத்தில், பனையோலையில். அது அச்சேற 30 ஆண்டு ஆயிற்று. கட்டாக் நகரின் ராவன்ஷா கல்லூரிப் பேராசிரியர் ஜோகேஷ் சந்திர ராய் அவரைத் தேடிக் கண்டு, நீண்ட ஆங்கில முன்னுரை எழுதி, 1899-இல் கல்கத்தாவில் வெளிவரச் செய்தார். ஒடிசா சமஸ்தான மன்னர்கள் செலவுக்கு உதவினார்கள். 1893-இல் பிரிட்டிஷ் அரசு மகாமகோபாத்தியாய பட்டமும் மாதம் 50 ரூபாய் உதவித்தொகையும் தந்திருந்தது. 1904-இல் பூரியில் அவர் காலமானார்.

ராய் செய்தது பெரும் தொண்டு. அவர் இல்லாவிட்டால் இன்று அந்தக் கோளரங்குக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஆனால் அவர் சுமந்து சென்றது சாமந்தாவின் பெயரை. சாமந்தாவின் கணக்கை எடுத்து அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு கெப்ளர் வரவில்லை. 1899-இல் வந்திருந்தாலும் கேட்கப் புதிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பஞ்சாங்கம் என்ற வேறு அளவுகோல்

அப்படியென்றால் சாமந்தாவின் உழைப்பு வீண்தானா என்று கேட்கலாம். அவரை டைகோவின் அளவுகோலால் மட்டும் அளந்தால்தான் அப்படித் தோன்றும். அவர் எடுத்துக்கொண்ட வேலையே வேறு. வானத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே விழுந்திருந்த இடைவெளியை மூட நினைத்தார். பூரி ஜகந்நாதர் கோயிலின் சடங்குகள் அவர் கணக்கைப் பின்பற்றின. ஊர் மக்களின் நாள், திதி, கிரகணம் எல்லாம் வானத்தோடு ஒத்துப்போயின. டைகோவின் எண்களைப் படித்தவர்கள் அறிஞர்கள். சாமந்தாவின் எண்களோடு வாழ்ந்தவர்கள் விவசாயிகளும் பக்தர்களும்.

இதன் அருமை தமிழர்களுக்கு எளிதில் விளங்கும். வாக்கியமா, திருக்கணிதமா என்ற கேள்வி நம் வீடுகளில் இன்றும் தீரவில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி. வாக்கியப்படி 2026 மார்ச் 6. வானத்தில் இருப்பதோ ஒரே சனி. சாமந்தாவின் காலத்திலேயே சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதே போராட்டத்தை நடத்தினார். 1867-இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டவர். 1874 வெள்ளிக் கடப்பைப் பற்றி மக்களுக்காகச் சிறு நூல் எழுதியவர். கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடியவர். அவருக்குத் தொலைநோக்கியும் ஆய்வகமும் இருந்தன. சாமந்தாவுக்கு மரக்கோல் இருந்தது. இருவர் சொன்னதும் ஒன்றே: நூலும் வானமும் முரண்பட்டால் வானத்தை நம்பு.

தீர்ப்பு

கண்கூர்மையிலும் உறுதியிலும் சாமந்தா டைகோவுக்குச் சமம். கருவியில் டைகோ வெகு உயரம். உலக அறிவியலைத் திருப்பியதில் டைகோவுக்கு நிகர் சாமந்தா இல்லை. அதை மறைத்துப் புகழ்வது அவருக்கு மரியாதை ஆகாது. எவர் உதவியும் இல்லாமல் ஒற்றை மனிதர் கடந்த தூரத்தை வைத்து அளந்தால் சாமந்தாவுக்கு நிகர் டைகோவும் இல்லை. ஒருவருக்கு அரசர் தீவு கொடுத்தார், அச்சகம் இருந்தது, கெப்ளர் வந்தார். மற்றவருக்கு ஓலையும் எழுத்தாணியும் தவிர வேறு எதுவும் உரிய நேரத்தில் வரவில்லை. இன்று நம் ஊர்களில் அப்படி ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கணக்கு அச்சேற 30 ஆண்டு ஆகக் கூடாது. ‘இந்தியாவின் டைகோ’ என்ற பட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

கோளரங்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒரு மரக்கோலும் குறுக்குக் கோலும் செய்து அவர்கள் கையில் கொடுங்கள். துருவ நட்சத்திரம் வேன் தீவில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். கண்டபடாவில் 20 பாகை. சென்னையில் 13 பாகைதான். 24 விரற்கடைக் கோலில் அதற்கான பள்ளம் ஐந்தரை விரற்கடையில் வரும். தெளிவான ஓர் இரவில் வடக்குப் பார்த்து நின்று, அந்தப் பள்ளத்தில் அந்த நட்சத்திரத்தை உங்கள் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.